காலி டப்பாவில் ஒரு கிராம்

வியாழக்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் தராசுக்காரரின் கழுத்தில் நுரை தள்ளியது.

வாயில் நுரை தள்ளினால் டாக்டரிடம் ஓடலாம். கழுத்தில் தள்ளினால் யாரிடம் ஓடுவது? குளித்துவிட்டு, சரியாகத் துவட்டாமல், அலமாரியில் இருந்த பவுடர் டப்பாவை எடுத்துக் கழுத்தைச் சுற்றி நாலு தட்டு தட்டிக்கொண்டார். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம். சட்டையை மாட்டிப் பொத்தான் போடுவதற்குள் கழுத்து கமகமவென்று மணக்க வேண்டியதற்குப் பதிலாகக் குமிழி குமிழியாகப் பொங்க ஆரம்பித்தது. டப்பாவின் மேல் மல்லிகைப்பூ படம். உள்ளே துணி துவைக்கிற சோப்புத்தூள். மூடியில் பொடி ஓட்டைகள் இருப்பதால் சட்டைக் காலர் அழுக்கில் தூவ வசதியாக இருக்கும் என்று மனைவி கண்டுபிடித்திருந்த புதிய உபயோகம் அது.

அந்த வீட்டில் ஒரு டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ அது உள்ளே இருக்காது. நம்பக்கூடிய விதி என்று அங்கே இருந்தது அது ஒன்றுதான். தைலம் தீர்ந்த டப்பாவில் ஊக்கு இருக்கும். கண் மருந்து தீர்ந்த குப்பியில் தையல் மெஷினுக்கான எண்ணெய். சொட்டுச் சொட்டாக விழுமாம், ஒரு பொட்டு வீணாகாதாம். அக்குளில் உருட்டுகிற வாசனைக் குப்பியில் வெறும் தண்ணீர். தபால் உறையை நாக்கால் நக்காமல் ஒட்டலாமாம். மிட்டாய் டப்பாவில் பூட்டுச் சாவிகள், மாத்திரை டப்பாவில் மிட்டாய். ஒரு முறை காய்ச்சல் என்று அதிலிருந்து இரண்டு விழுங்கிவிட்டுப் படுத்தார். காய்ச்சல் இறங்கியும் விட்டது. அதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இத்தனைக்கும் மனைவி வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனை நிலையத்தில். காலை ஆறு மணிக்குப் போய், வருகிறவர்கள் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, ஒவ்வொரு குப்பியிலும் பெயர், வயது, தேதி, நேரம் எல்லாம் எழுதி ஒட்டிவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வீடு திரும்புவாள். அவள் குத்தினால் குத்தியதே தெரியாது என்று ஊரில் பேர்.

"அங்க அவ்வளவு எழுதுறியே, இங்க ரெண்டு எழுத்து எழுதி ஒட்டினா கை தேஞ்சா போயிடும்?" என்று தராசுக்காரர் கேட்டுப் பார்த்திருக்கிறார்.

"அங்க யாரோட ரத்தம்னு எனக்குத் தெரியாது, எழுதுறேன். இங்க எது எதுல இருக்குன்னு எனக்குத் தெரியும். எதுக்கு எழுதணும்?"

"எனக்குத் தெரிய வேணாமா?"

"நான்தான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேனே, கேளுங்க."

அங்கேதான் சிக்கல். தராசுக்காரர் கேட்க மாட்டார். பெற்ற தாயிடமே வழி கேட்காமல் பிறந்தவர். எதையும் தானே தேடுவார். கிடைக்காவிட்டால் அது தனக்குத் தேவையே இல்லை என்று முடிவுக்கு வருவார். இப்படியே பதினெட்டு வருஷக் குடித்தனம் ஓடியிருக்கிறது.

ஆனால் இந்த வியாழக்கிழமை நுரை தள்ளியிருக்கக் கூடாது. அன்று மாலை நாலு மணிக்குக் கடைக்கு முத்திரை ஆய்வாளர் வருகிறார்.

தராசு பழுது பார்க்கிறவரிடம் அரசாங்க முத்திரை குத்திய எடைக்கல் பெட்டி ஒன்று இருந்தாக வேண்டும். அதை வைத்துத்தான் ஊர்த் தராசுகளுக்கெல்லாம் நியாயம் சொல்வது. வருஷத்துக்கு ஒரு முறை ஆய்வாளர் வந்து அந்தப் பெட்டிக்கே நியாயம் சொல்வார். ஒரு கல் குறைந்தாலும் லைசென்ஸ் நிறுத்தம். புதுப் பெட்டி எழுதிப் போட்டு வந்து சேர மூன்று மாசம். அதுவரை கடைக்குப் பூட்டு. இப்போதைய ஆய்வாளருக்குத் தராசுக்காரர்கள் வட்டாரத்தில் மில்லிகிராம் என்று பட்டப்பெயர். சிரித்தால் உடம்பில் எடை குறைந்துவிடும் என்று பயப்படுகிற முகம். பக்கத்து ஊர்க் கடையில் ஒரு கல்லை வைத்த இடம் தெரியாமல் ஒருவர் முழித்தபோது, மில்லிகிராம் ஒரு வார்த்தை திட்டவில்லையாம். கதவைச் சாத்தி அரக்கு முத்திரை வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம்.

அப்பேர்ப்பட்டவர் வருகிற நாளில் கழுத்தில் நுரை! தராசுக்காரருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "இன்னையோட இந்த வீட்டுல காலி டப்பா ஒழிஞ்சது!" என்று கண்ணாடியைப் பார்த்துச் சபதம் செய்தார். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அதனால்தான் அவ்வளவு சத்தமாகச் செய்ய முடிந்தது.

நிரம்பிய டப்பாக்களில் கை வைக்க அவருக்குத் தைரியம் இல்லை. ஆனால் பீரோ மேல் ஓர் அட்டைப்பெட்டி உண்டு. கழுவி, காயவைத்து, மூடி போட்டு, என்றைக்காவது ஒரு வேலை கிடைக்கும் என்று காத்திருக்கும் காலி டப்பாக்கள் அதில்தான் கிடக்கும். தைல டப்பா, முகப்பூச்சுக் கிண்ணம், பற்பொடிக் குப்பி, மாத்திரைச் சிமிழ். எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கொட்டி, வாயைக் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மூன்று தெரு தள்ளிப் பழைய சாமான் கடை. கடைக்காரர் சாக்கைத் தராசில் வைத்தார். போன மாசம் இவர் கையால் பழுது பார்த்த தராசு.

"மூணு கிலோவும் ஒரு துளியும்" என்றார் கடைக்காரர்.

"துளியையும் நீயே வச்சுக்கோ" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டுத் தராசுக்காரர் தன் கடைக்கு நடந்தார். கழுத்து அரித்தாலும் மனசு லேசாக இருந்தது.

அந்த லேசு மத்தியானம் ஒன்றரை மணி வரை நீடித்தது.

ஒன்றரைக்கு எடைக்கல் பெட்டியைத் துடைத்து வைக்கலாம் என்று திறந்தார். கருநீல வெல்வெட்டில் குழி குழியாக வெட்டி, அதில் பித்தளைக் கற்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஐந்நூறு கிராமில் ஆரம்பித்து இறங்கி இறங்கி வந்து கடைசியில் ஒரு கிராம். கடைசிக் குழி காலியாக இருந்தது.

தராசுக்காரர் குழிக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். மேஜைக்கு அடியில் பார்த்தார். பையில் பார்த்தார். சட்டைப் பையில் பார்த்தார். அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

ஞாயிறன்று பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். கடைசிக் குழியில் வெல்வெட் பிய்ந்திருந்ததால் பசை போட்டு ஒட்டினார். பசை காயும்வரை மிளகு அளவே இருக்கிற அந்த ஒரு கிராம் கல்லைப் பஞ்சில் சுற்றி ஒரு சின்னப் பச்சைத் தைல டப்பாவில் வைத்தார். அதுவரைக்கும் சரி. ஆனால் டப்பாவை மேஜை மேல் விட்டால் மனைவி கண்ணில் படும். பட்டால் அதில் ஏதாவது புது உபயோகம் புகுந்துவிடும். அவளிடம் "இதைத் தொடாதே" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் "அதுல என்ன?" என்பாள், "ஒரு கிராம்" என்றால், "காலி டப்பா வேண்டாம் வேண்டாம்னீங்க, இப்ப உங்களுக்கே வேண்டியிருக்கா?" என்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, தன் புத்திசாலித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு, டப்பாவை, அதே மாதிரி இருந்த பத்துப் பச்சை டப்பாக்களோடு பதினோராவதாக ஒளித்து வைத்தார். பீரோ மேல். அட்டைப்பெட்டிக்குள்.

மூன்று கிலோவும் ஒரு துளியும். அந்தத் துளிதான்.

கடையைப் பூட்டாமலே நாலடி ஓடி, திரும்பி வந்து பூட்டிவிட்டு ஓடினார்.

"அந்தச் சாக்கு!" என்றார் பழைய சாமான் கடை வாசலில் மூச்சு வாங்க.

"எந்தச் சாக்குண்ணே?"

"காலைல நான் போட்டது. சின்னச் சின்ன டப்பா. எடு, சீக்கிரம்."

"அதை அக்கா எடுத்துட்டுப் போயிட்டாங்களே."

"எந்த அக்கா?"

கடைக்காரர் இவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "நம்ம அக்காதாண்ணே. ரத்தம் எடுக்கிற அக்கா. வேலை முடிஞ்சு இந்த வழியாத்தானே வருவாங்க? சாக்கு வாசல்லயே கிடந்துச்சா, வாய் கொஞ்சம் பிரிஞ்சிருந்துச்சா, ஒரு டப்பாவை எடுத்தாங்க. மூடியைத் திருப்பிப் பார்த்தாங்க. இது என் டப்பான்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பொய் சொல்வேனாண்ணே? எனக்கு நாளைக்கு ரத்தம் எடுக்கணும், அவங்ககிட்டதான் போறேன்."

"அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலண்ணே. சிரிச்சாங்க."

தராசுக்காரர் தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. அழுதிருந்தால் கூடச் சமாளித்துவிடலாம். சிரித்தாள் என்றால் அது வேறு வியாதி.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி இரண்டு பத்து. கூடத்தில் செய்தித்தாள் விரித்து, அதன் மேல் அத்தனை டப்பாவையும் பரப்பி, நடுவில் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் கத்தரிக்கோல், பசை, பழைய எலாஸ்டிக், என்னென்னவோ. காத்துக் கிடந்த டப்பாக்களுக்கெல்லாம் ஒரே நாளில் வேலை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இந்த நேரத்துல?"

"தலைவலி. தைலம் வேணும்."

"மருந்தெல்லாம் காபித்தூள் பாட்டில்ல இருக்கு."

"அப்ப காபித்தூள்?"

"ஐஸ்கிரீம் டப்பால."

"ஐஸ்கிரீம்?"

"வாங்கிக் கொடுத்தாத்தானே இருக்கும்?"

பொய் சொன்னால் அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். இல்லாத தலைவலிக்கு இருக்கிற தைலத்தை நெற்றி நிறையத் தேய்த்துக்கொண்டு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். கண்ணில் காரம் இறங்கித் தாரை தாரையாக வழிந்தது. அந்தக் கண்ணீர் வழியாகப் பச்சைத் தைல டப்பாவைத் தேடினார். ஒன்று தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பின்னால் ஒரு வரிசையே இருந்தது. எல்லாம் ஒரே அச்சு.

"பீரோ மேல பெட்டி காலியாக் கிடந்துச்சு, பார்த்தீங்களா?" என்றாள் மனைவி, எலாஸ்டிக்கைச் சுருட்டியபடியே.

"எலியா இருக்கும்."

"எலியா?"

"இப்பல்லாம் எலித் தொல்லை ஜாஸ்தி. தள்ளிவிட்டிருக்கும்."

"தள்ளிவிட்டா கீழ விழும். சாக்குல கட்டி, மூணு தெரு தாண்டி, எடைக்கா போட்டிருக்கும்? பழைய சாமான் கடையிலருந்து நான்தான் தூக்கிட்டு வந்தேன்."

"அப்ப திருடன் வந்திருக்கான்."

"நகை அப்படியே இருக்கு. டப்பாவை மட்டும் எடுத்தானா?"

"புதுத் திருடனா இருப்பான். தொழில் பழகாதவன்."

"கடைக்காரரைக் கேட்டா ஆள் அடையாளம் சொல்வாரு. கேக்கட்டுமா?"

"வேணாம், வேணாம்! போனதுதான் திரும்பி வந்துடுச்சுல்ல? விடு. அவனுக்கும் குடும்பம் குட்டின்னு இருக்கும்."

"இருக்கு" என்றாள் மனைவி.

சுவர்க் கடிகாரம் இரண்டரை அடித்தது. தராசுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தனியா கஷ்டப்படுறியே. நானும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணட்டுமா?"

பதினெட்டு வருஷத்தில் கேட்காத கேள்வி. மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒரு நிமிஷம் முழுசாகப் பார்த்தாள். "பண்ணுங்களேன். உங்களுக்கு எந்த டப்பா பிடிக்குமோ அதை எடுத்துக்கோங்க. வேற ஏதாவது வேணுமா?"

"வேற என்ன, ஒண்ணும் வேணாம்."

முதல் பச்சை டப்பாவைத் திறந்தார். ஊசிகள். நாலு நிறத்தில் நூல் கோத்தே வைத்திருந்தது. "கண்ணு தெரியாம நீங்க நூலைக் கோக்க அரைமணி நேரம் தவம் கிடக்குறீங்களே, அதுக்கு" என்றாள். இரண்டாவதில் தீக்குச்சிகள், மூடிக்கு உள்பக்கம் உரசுகிற பட்டையை வெட்டி ஒட்டியிருந்தாள், மழையிலும் நமத்துப் போகாது. மூன்றாவதில் பொத்தான்கள். அவருடைய ஆறு சட்டைக்கும் ஆறு பொட்டலம். நாலாவதைத் திறந்தபோது உள்ளே நாலைந்து பொடித் திருகாணிகள்.

"இது எதுக்கு?"

"உங்க மூக்குக்கண்ணாடித் திருகாணிங்க. மாசத்துக்கு ஒண்ணைக் கழட்டிப் போட்டுட்டுத் தரையில தவழுறீங்கல்ல?"

தராசுக்காரருக்கு வெட்கமாக இருந்தது. காலையில் மூட்டை கட்டிப் போட்டதெல்லாம் தனக்காகத்தான் காத்துக் கிடந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது சொல்லிவிடலாம். "ஏம்மா, நான்தான் தூக்கிப் போட்டேன், அதுல என் ஒரு கிராம் இருக்கு" என்று பத்துச் சொல் கூட இல்லை. வாயைத் திறந்தார்.

"என்னங்க? ஏதாவது வேணுமா?"

"இல்ல. புழுக்கமா இருக்குன்னு சொல்ல வந்தேன்."

வாயை மூடிக்கொண்டார். சொல்லிவிட்டால் அப்புறம் ஆயுளுக்கும் கழுத்தில் நுரையோடு நடமாட வேண்டியதுதான். அதோடு பாதிக் கிணறு தாண்டியாயிற்று, மீதி டப்பாவில் ஒன்றில் இருக்கத்தானே வேண்டும்? ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவதில் ரப்பர் வளையம். ஒன்பதாவதில் விதை. அவசரத்தில் பாதி விதை தரையில் கொட்டியது. அதைப் பொறுக்க ஏழு நிமிஷம். மணி மூன்று இருபது. பத்தாவதைத் திறந்தார். உள்ளே பஞ்சு! உயிர் வந்தது. விரலால் அமுக்கினார். வெறும் பஞ்சு.

"காதுக்கு" என்றாள் மனைவி.

"இன்னொண்ணு எங்க?"

"எது?"

"பச்சை டப்பா. மொத்தம் பதினொண்ணுல்ல இருந்துச்சு?"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. மனைவி பசைக் குழாயை நிதானமாக மூடினாள்.

"எண்ணிக்கை எலி சொல்லுச்சா?"

தராசுக்காரர் எழுந்தார். "நேரமாச்சு, ஆபீசர் வந்துடுவார்" என்று முணுமுணுத்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

வாசல் வரை வந்த மனைவி, "கடைசியாக் கேக்குறேன். உங்களுக்கு வேற ஒண்ணும் வேணாமா?" என்றாள்.

"ஒண்ணும் வேணாம்!" என்று சொல்லிவிட்டு நடந்தார். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன.

கடையில் மணி மூன்றே முக்கால். பெட்டியின் கடைசிக் குழி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மேஜை டிராயரில் பித்தளைத் திருகு ஒன்று கிடந்தது. அரத்தால் ராவி, தராசில் வைத்து, இன்னும் கொஞ்சம் ராவினால் பத்தே நிமிஷத்தில் அதை ஒரு கிராமாக்கிவிட அவர் கைக்குத் தெரியும். மேலே ஒரு பொய் முத்திரை. திருகைக் கையில் எடுத்தார். இருபத்தாறு வருஷமாக இந்தத் தெருவில் எந்தத் தராசு பொய் சொன்னாலும் காட்டிக் கொடுத்த கை. அந்தக் கையால் கள்ளக் கல் செய்வதா? கூசியது. திருகை டிராயரில் போட்டு மூடிவிட்டு, மூன்று மாசம் பூட்டிய கடை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நாலு மணி அடித்து முடிப்பதற்குள் மில்லிகிராம் உள்ளே வந்தார். குடையைச் சுவரில் சாய்த்தார். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். வணக்கத்துக்குப் பதிலாகத் தலையை ஒரு நூல் அளவு அசைத்தார்.

"பெட்டி."

பெட்டி வந்தது. ஆய்வாளர் தன் சொந்தச் சாமணத்தை எடுத்தார். அந்த இடுக்கியால்தான் கல்லைத் தொடுவார், விரல் படக் கூடாது. ஐந்நூறைத் தூக்கித் தட்டில் வைத்தார். முள் நின்றது. எழுதிக்கொண்டார். இருநூறு. முத்திரையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். எழுதிக்கொண்டார். நூறு. ஐம்பது. இருபது. தராசுக்காரருக்குக் கற்கள் இறங்க இறங்க உயிரும் இறங்கியது. நெற்றியில் வேர்த்ததும் மத்தியானத் தைலம் மறுபடி கண்ணுக்குள் இறங்கியது. பத்து. ஐந்து.

"ஏன் அழறீங்க?" என்றார் மில்லிகிராம், தலை நிமிராமலே.

"இல்ல சார், ஜலதோஷம்."

இரண்டு. எழுதிக்கொண்டார். சாமணம் கடைசிக் குழிக்கு மேல் வந்து அந்தரத்தில் நின்றது.

"ஒரு கிராம் எங்க?"

தராசுக்காரர் எழுந்து நின்றார். ஆய்வாளரின் பார்வை கதவுப் பக்கம் போயிற்று. அரக்கு எங்கே பூசலாம் என்று பார்க்கிறார் என்று தராசுக்காரர் நினைத்தார். அப்படி இல்லை. கதவில் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"இதோ சார். இவர் பத்திரமா வச்சிருக்கச் சொன்னாரு. நான்தான் கொண்டு வரக் கொஞ்சம் நேரமாக்கிட்டேன்."

மேஜை மேல் பதினோராவது பச்சை டப்பாவை வைத்தாள். பக்கவாட்டில் வெள்ளைக் காகிதம் ஒட்டி, ரத்தக் குப்பியில் எழுதுவது போல மணி மணியான எழுத்தில் எழுதியிருந்தது: ஒரு கிராம். பித்தளை. தேதி. நேரம் பகல் 12.40. அந்த வீட்டிலிருந்து வெளியே வந்த டப்பாக்களில் மேலே எழுதியதே உள்ளேயும் இருந்தது இது ஒன்றில்தான்.

ஆய்வாளர் மூடியைத் திருகினார். பஞ்சு மெத்தையில், நடுவில் வெட்டிய பள்ளத்தில், கல் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"கையால தொட்டீங்களா?"

"சாமணத்தால எடுத்தேன் சார். லேப்ல பழக்கம்."

தட்டில் வைத்தார். முள் இப்படி ஆடியது, அப்படி ஆடியது, நின்றது. சரியாக நின்றது. தராசுக்காரர் நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்தார்; நல்லவேளை, இருந்தது.

மில்லிகிராம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாக் கடையிலயும் சின்னக் கல்லு பெட்டியில உருண்டு உருண்டு தேஞ்சு போகுது. எத்தனை தடவை சொல்லியும் ஒருத்தரும் கேக்கல. இது யாரோட யோசனை?"

"இவரோடதுதான் சார்" என்றாள் மனைவி உடனே. "வீட்டுல ஒரு காலி டப்பாவைத் தூக்கிப் போட விடமாட்டாரு. எல்லாத்துக்கும் ஒரு உபயோகம் இருக்குன்னு தினமும் சொல்வாரு. யாராவது தூக்கிப் போட்டாக்கூட, உடனே தேடிக்கிட்டுப் பழைய சாமான் கடைக்கே ஓடுவாரு."

ஆய்வாளர் தராசுக்காரர் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அரசாங்க முத்திரை குத்திய கல் சாக்கில் கட்டிப் பழைய சாமான் கடைக்குப் போன வரலாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மனைவி ஒன்றும் தெரியாதவள் போலச் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குத்தியது அப்போதும் வலிக்கவில்லை.

"ஆமா சார்" என்றார் தராசுக்காரர். "தினமும் சொல்வேன்."

மில்லிகிராம் ஆய்வுப் புத்தகத்தை எடுத்து எழுதினார். எழுதியதைச் சத்தமாகப் படித்தார்: "இக்கடை உரிமையாளர் காலிச் சிறு டப்பாக்களின் மீது கொண்டுள்ள ஆர்வமும், அவற்றைச் சேகரித்துப் பாதுகாக்கும் பழக்கமும் மிகவும் பாராட்டத்தக்கவை. அப்பழக்கத்தை அவர் எக்காரணம் கொண்டும் கைவிடாது தொடர வேண்டும். அடுத்த ஆய்வின்போது இது சரிபார்க்கப்படும். கையெழுத்துப் போடுங்க."

போட்டார்.

ஆய்வாளர் குடையை எடுத்தார். போகவில்லை. வாசல் பக்கம் பார்த்துவிட்டு, அதுவரை யாரும் கேட்டிராத ஒரு குரலில், "நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றார். "எங்க வீட்டுலயும் சம்சாரம் இந்த மாதிரிதான் சேர்த்து வச்சிருக்கா. மூணு அட்டைப்பெட்டி. உக்கார இடமில்ல. தூக்கிப் போட்டா சாப்பாடு கிடையாதுன்னுட்டா. உங்களை மாதிரி மதிப்புத் தெரிஞ்சவருக்குன்னா சந்தோஷமாக் கொடுத்துடுவா."

தராசுக்காரர் வாயைத் திறப்பதற்குள் மனைவி பதில் சொல்லிவிட்டாள். "நீங்க எதுக்கு சார் சுமக்கணும்? இவரே வந்து எடுத்துக்குவாரு."

மில்லிகிராம் சிரித்தார். பார்த்தவர்கள் மொத்தம் இரண்டு பேர்தான். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவர் தலை மறைந்ததும் தராசுக்காரர் திரும்பினார். "பன்னெண்டு நாப்பதுக்கே உன் கையில இருந்திருக்கு. என்னைத் தரையில உக்கார வச்சு விதை பொறுக்க விட்டியே! வீட்டுலயே கொடுத்திருந்தா என்ன?"

"வேற ஏதாவது வேணுமா, வேற ஏதாவது வேணுமான்னு மூணு தடவை கேட்டேன். நீங்கதான் ஒண்ணும் வேணாம்னீங்க." முந்தானையை எடுத்து அவர் நெற்றியில் மிச்சமிருந்த தைலத்தைத் துடைத்துவிட்டாள். "எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, அவர் அஞ்சு கிராமுக்கு வந்தப்ப. வெளியிலேயே நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். கடைக்கு ஒண்ணுன்னா எனக்கு மட்டும் நல்லாவா இருக்கும்?"

தராசுக்காரர் கோபப்படலாம் என்று பார்த்தார். கோபம் சரியாக வரவில்லை. கடையைச் சாத்திவிட்டு ஆய்வாளர் வீட்டுக்கு நடந்தார். ஆய்வாளரின் சம்சாரம் மூன்று பெட்டியையும் வாசல் வரை வந்து வழியனுப்பினார். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று, கக்கத்தில் ஒன்று என்று தராசுக்காரர் கடைத்தெரு முழுக்கக் கலகலவென்று சத்தம் எழுப்பிக்கொண்டு, பழைய சாமான் கடை வாசலை மட்டும் எட்டி நடை போட்டுக் கடந்து, வீடு வந்து சேர்ந்தார்.

மனைவி கதவைத் திறந்தாள். பெட்டிகளைப் பார்த்தாள். மேலே இருந்ததில் ஒரு டப்பாவை எடுத்துத் திருகிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஏங்க, மூடியெல்லாம் சரியா இருக்கான்னு பார்த்து வாங்க மாட்டீங்களா?"